எங்கள் ஊர் டவுன் ஆகப் பார்த்தது

ஊராட்சிச் செயலாளர் வேலை என்பது, குழாயில் தண்ணீர் வந்தால் தலைவருக்கும் வராவிட்டால் நமக்கும் பெயர் கிடைக்கிற வேலை. இந்த வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்தால் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பார்கள். இல்லாதவர்களும் வீட்டு வரி ரசீதுக்கோ குடிதண்ணீர் இணைப்புக்கோ என்னைப் போன்ற ஒருவனின் மேசை முன்னால் கால் கடுக்க நின்றிருப்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதுதான் வித்தியாசம், அவஸ்தை ஒன்றுதான்.

எங்கள் ஊர் சிவகாசிக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பெயரை எழுதினால் மெமோ வரும். ஏற்கெனவே ஒன்று வந்திருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

வளர்ந்துவிட்டோமாம்

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஊராட்சியைப் பேரூராட்சியாகத் தரம் உயர்த்த உத்தேசம், கிராம சபையைக் கூட்டித் தீர்மானம் போட்டு அனுப்பவும் என்று இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், சட்டப்படி கிராமமாக இருக்கும் ஊர் சட்டப்படி டவுன் ஆகிவிடும். தெருவிளக்கு கூடும், வாய்க்கால் கட்டுவார்கள். வீட்டு வரியும் கூடும். நூறு நாள் வேலை நின்றுபோகும், ஏனென்றால் அது கிராமத்துக்கு மட்டும்தான். கடைசியாகச் சொன்னது கடிதத்தில் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும். ஒன்றிய அலுவலகத்தில் ஒருவர் இன்னொன்றும் என் காதில் போட்டார். பேரூராட்சி ஆனால் என்னை அங்கேயே இளநிலை உதவியாளராக எடுத்துக்கொள்வார்களாம். கை வைத்த நாற்காலி, வேளாவேளைக்கு இன்கிரிமென்ட். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

தலைவர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். அவருக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. டவுன் ஆனால் அவர் தானாகவே சேர்மன் ஆகிவிடுவாரா என்று கேட்டார். ஆக மாட்டீர்கள், புதிதாகத் தேர்தல் வைப்பார்கள், நின்று ஜெயிக்க வேண்டும் என்றேன். அவர் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“நல்ல விசயந்தான். அந்த எலெக்சன் சமாச்சாரத்த மட்டும் யார்ட்டயும் வாசிச்சுக் காட்டாதீக.”

மழை பெய்தால்?

ஒரு ஊர் டவுன்தானா என்று பார்ப்பதற்கு அரசாங்கத்திடம் ஓர் அளவுகோல் உண்டு. எத்தனை ஜனம், எவ்வளவு வருமானம், விவசாயம் இல்லாத தொழில் செய்கிறவர்கள் எத்தனை பேர். மூன்றாவதில் எங்களை அடிக்க ஆள் கிடையாது. மானம் பார்த்த கரிசல், பாதிக் காட்டில் சீமைக்கருவேலம். காலையில் வேன் வந்தால் ஊரே பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டிக் கம்பெனிக்கும் போய்விடும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் மதுரையில் பாதியைவிட நாங்கள் பெரிய டவுன்.

கணக்கெடுக்க வந்த அதிகாரியை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். என்ன தொழில் என்று அதிகாரி கேட்டார். பட்டாசுக் கம்பெனியில் வாட்ச்மேன் என்றார் அவர். இந்த ஆடுகள் யாருடையவை என்றால், என்னுடையவைதான் என்றார். நிலம் இருக்கிறதா என்றால், நீங்கள் நிற்பதே அதில்தான் என்றார். பயிர் வைத்து நாலு வருஷமாம். அதிகாரி ‘விவசாயம் அல்லாதோர்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். இது எதற்கு என்று அந்த மனிதர் என்னைக் கேட்டார். விளக்கினேன். ஆட்டை ஓட்டிக்கொண்டு நாலடி போனவர் திரும்பி நின்றார்:

“அப்ப நல்ல மழ பெஞ்சு நான் வெதச்சுட்டேம்னா, திரும்பவும் கிராமம்னு எழுதிருவீகளா?”

முதலில் கையெழுத்து

கிராம சபைக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. வர வேண்டும் என்று ஜனங்களுக்கு விதி இல்லை. கிராம சபை கூடும் ஆகஸ்டு பதினைந்து ஆடிக் கடைசியில் வரும். கம்பெனி லீவு விட்டால் எங்கள் பக்கத்து ஜனம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகும், கிராம சபைக்கு வராது. அதனால் எல்லாச் செயலாளர்களும் செய்கிற காரியத்தை நானும் செய்வேன். கண்மாயில் மண் வெட்டுகிற நூறு நாள் வேலைப் பெண்களை வரச் சொல்லிவிடுவேன். வராவிட்டால் வேலை கிடையாது என்று நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. உள்ளே நுழையும்போதே பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுப்போம். பிறகுதான் தீர்மானம். டீ குடித்த பிறகு ஆள் நிற்காது என்பதால் எங்கள் ஊரில் ஏற்பட்ட வரிசை இது.

அன்றும் அப்படித்தான். முதல் கையெழுத்து சீனியம்மாள் அக்கா. ஐம்பது வயசு இருக்கும். முன்பு கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் பக்கத்து ரூம் போய்விட்டது. எங்கள் ஊரில் ரூம் போய்விட்டது என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். அதிலிருந்து அவர் வெடிமருந்து வேலைக்குப் போவதில்லை. அடுப்புப் பற்றவைக்கத் தீக்குச்சி உரசக்கூட மருமகளைத்தான் கூப்பிடுவார். அவருக்கு இருப்பது நூறு நாள் வேலை ஒன்றுதான்.

தீர்மானத்தை நான் வாசித்தேன். “இவ்வூராட்சியானது நகர்ப்புறத் தன்மை எய்தியுள்ளமையால்” என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் முடித்தேன். தலைவர் கை தட்டினார், எல்லாரும் தட்டினார்கள். கலையும்போது சீனியம்மாள் அக்கா என்னிடம் வந்து, “என்ன தம்பி வாசிச்சீக?” என்று கேட்டார். ஊருக்கு நல்லதுதான் அக்கா என்றேன். அந்தத் தீர்மானம் நிறைவேறினால் முதலில் போவது அவருடைய வேலை என்று எனக்குத் தெரியும். சபைக்கு விதிப்படி ஆள் வந்ததாகக் காட்டும் முதல் கையெழுத்தே அவருடையது என்பதும் தெரியும். சொல்லவில்லை. இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்:

“நீங்க படிச்சவுக. சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

அடுத்த வருஷம் அச்சாகிவிட்டது

எங்கள் பக்கம் அடுத்த வருஷம் ஆடியிலேயே வந்துவிடும். காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போடுகிறவர்களுக்கு நடப்பு வருஷம் பழசு. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் திருத்தங்கலில் அச்சகம் வைத்திருக்கிறார். வருஷா வருஷம் வீட்டுக்கு ஒரு காலண்டர் சும்மா கொடுப்பார். ஆவணியில் போன் செய்தார். கீழே ஊர்ப் பெயரோடு ஊராட்சி என்று போடவா, பேரூராட்சி என்று போடவா, பிளேட் போடணும் என்றார். இன்னும் அரசாணை வரவில்லை என்றேன். எப்போது வரும் என்றார். தெரியாது என்றேன். சீசன் ஆர்டர் நிற்கிறது, அரசாணைக்காக மிஷினை நிறுத்த முடியாது என்று சொல்லிப் பேரூராட்சி என்றே அடித்துவிட்டார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வீடு வீடாகக் காலண்டர் வந்தது. அதே வாரம் அரசாங்க அறிவிப்பும் வந்தது. ஊரைப் பேரூராட்சி ஆக்குவதில் ஆட்சேபணை உள்ளவர்கள் இத்தனை நாளுக்குள் கலெக்டருக்கு எழுதித் தரலாம் என்று அதில் இருந்தது. விதிப்படி அலுவலகச் சுவரில் ஒட்டினேன். விதிப்படி யாரும் படிக்கவில்லை. கம்பெனி வேன் ஓட்டுகிற ஒருவர் மட்டும் வண்டியை நிறுத்தி, முழுதாகப் படித்துவிட்டு, என்னைப் பாவமாகப் பார்த்தார்:

“காலண்டர்லயே வந்துருச்சு. இனிமே எதுக்கு சார் நோட்டீசு?”

நிதானமாக

தீபாவளி முடிந்து ஒரு நாள் காலையில் சீனியம்மாள் அக்கா அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தீபாவளிக்குத் திருத்தங்கலில் இருந்து அவருடைய தங்கச்சி வந்திருக்கிறார். சுவரில் காலண்டரைப் பார்த்துவிட்டு, ஒங்க ஊரும் டவுனாயிருச்சா, அப்ப ஒனக்கும் இனிமே நூறு நாள் வேலை கெடையாது என்று சொல்லியிருக்கிறார். நிசமா தம்பி என்று கேட்டார். ஆமாக்கா என்றேன். அன்னைக்கே தெரியுமா என்றார். நான் மேசையில் பேனாவைத் தேடினேன். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது.

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனு எழுதணும் என்றார். எங்கள் ஊரில் யாருக்கு எந்த மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். என்மேல் புகார் மனுவையே நான் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். காகிதத்தை எடுத்தேன். அவர் சொன்னார், “மருந்து வேலைக்கு இனி என்னால போக முடியாது. மண்ணு வெட்டுனாத்தான் கஞ்சி. ஊரு டவுனாகட்டும், நான் வேண்டாங்கல. எனக்கு ஒரு வேலயச் சொல்லிட்டு ஆகட்டும்.” அப்படியே எழுதினேன். தீர்மானத்தை எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்றும் போடச் சொன்னார். அதையும் என் கையாலேயே எழுதினேன். கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினால் வாங்கவில்லை, வாசிங்க என்றார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். வாசித்தேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்:

“இப்படி நிதானமா வாசிக்கத் தெரியுதே தம்பி ஒங்களுக்கு.”

விளக்கம் கேட்டு

திங்கட்கிழமை பஸ் ஏறி விருதுநகர் போய்க் கலெக்டர் ஆபீசில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார். ஊரிலிருந்து போன ஆட்சேபணை அது ஒன்றுதான். அரசாங்கத்தில் ஒரு மனு மேலே போவதற்கும் கீழே வருவதற்கும் ஒரே படிக்கட்டு. மாவட்டம், ஒன்றியம் என்று இறங்கி, மனுவின் மீது உரிய விளக்கம் தரவும் என்ற குறிப்போடு அது என் மேசைக்கே வந்து சேர்ந்தது.

விளக்கப்பட்டது என்று ஒரு வார்த்தை எழுது, முடிந்தது என்றார் தலைவர். ஒரு வார்த்தைதான். இரண்டு நாள் அந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்தும் எடுத்தும் பார்த்தேன். இளநிலை உதவியாளர் ஆகிறவன் அதை எழுதிவிடுவான். மூன்றாம் நாள் எழுதினேன்: தீர்மானம் வாசிக்கப்பட்டது, விளக்கப்படவில்லை, கையெழுத்துகள் வாசிப்பதற்கு முன்பே பெறப்பட்டன. ஒரு வாரத்தில் எனக்கு மெமோ வந்தது. கூடவே, ஜனவரி இருபத்தாறு கிராம சபையில் மறுபடி வைத்து ஜனங்களுக்கு விளக்கித் தீர்மானம் அனுப்பவும் என்று உத்தரவும் வந்தது. தலைவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் எனக்கு நல்லது சொன்ன அதே மனிதர் போனில் கூப்பிட்டார்:

“மனுவும் ஒம்ம கையெழுத்து, பதிலும் ஒம்ம கையெழுத்து. நடுவுல எங்களுக்கு என்னய்யா வேலை?”

ஜனவரி இருபத்தாறு

ஊரில் அவ்வளவு கூட்டத்தை நான் கோயில் கொடைத் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் பதிவேட்டை வைத்தேன். சீனியம்மாள் அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பதிவேட்டை மூடி மேலே கையை வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடக் குனிந்த பெண்களிடமெல்லாம், மொதல்ல வாசிக்கட்டும் என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

வாசித்தேன். தெருவிளக்கு, வாய்க்கால், வீட்டு வரி, நூறு நாள் வேலை, தேர்தல், எல்லாவற்றையும் ஊர்ப் பேச்சில் சொன்னேன். நாம் வேண்டாம் என்றாலும் அரசாங்கம் நினைத்தால் செய்யலாம் என்பதையும் சொன்னேன். டீ ஆறிப்போனது, ஒருவரும் எழுந்து போகவில்லை. அச்சக முதலாளி எழுந்து, எத்தனை நாளைக்குச் சாக்கடையைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருப்பது, டவுன் ஆகத்தான் வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான். கொஞ்சம் பேர் அவர் பக்கம் கை தூக்கினார்கள். நிறையப் பேர் தூக்கவில்லை. வேலைக்கு ஒரு வழி செய்யும்வரை ஊர் ஊராகவே இருக்கட்டும் என்று தீர்மானம் எழுதினோம். கோப்பு மேலே போயிருக்கிறது. அடுத்த நாள் கண்மாயில் வழக்கம்போல மண் வெட்டினார்கள், சீனியம்மாள் அக்காவும் வெட்டினார்.

கிராம சபையன்று கடைசிக் கையெழுத்து அவருடையது. எல்லாரும் போன பிறகு, “அக்கா, அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்” என்றேன். பரவாயில்லை தம்பி என்பார் என்று உள்ளூர ஓர் ஆசை. அவர் கையெழுத்தைப் போட்டு முடித்து, பேனாவை மூடி என் கையில் கொடுத்தார்:

“ஆமா. சொல்லியிருக்கணும்.”

ஒரு கிராமத்தை டவுன் ஆக்குவதற்குச் சட்டம், கோப்பு, கணக்கெடுப்பு, காலண்டர் எல்லாம் தயாராக இருந்தும், அதை ஊர்க்காரர்களுக்கு நிதானமாக வாசித்துக் காட்ட ஓர் ஆள்தான் குறைவாக இருந்தது, அந்த வேலைக்குத்தான் நான் இத்தனை வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.