சட்டையில் அடித்த ஸ்பிரிட் வாசம்

நீல நிறத் தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்று. உள்ளே இருந்தது எண்ணெய் இல்லை, சாராய நெடி அடிக்கும் ஸ்பிரிட். தோல் கம்பெனிகளில் கடைசிக்கட்ட வேலை நடக்கும் ஷெட்டில் தோலைத் துடைக்க வைத்திருப்பார்களே, அது. எங்கள் மேஸ்திரி மரம் ஏறுவதற்கு முன்னால் அதை உள்ளங்கையில் ஊற்றிக் கையிலும் காலிலும் கழுத்திலும் பூசிக்கொள்வார். சட்டைக் காலரிலும் கைமடிப்பிலும் நனைய நனையத் தெளித்துக்கொள்வார். சிவப்பு எறும்பு கூடு கட்டிய மரத்தில் ஏறியவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். மேலே இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது கடித்தால் தட்டிவிடக்கூட முடியாது. மண்ணெண்ணெய் பூசினால் பிடி வழுக்கும், சாம்பல் பூசினால் வேர்வையில் கரைந்துவிடும் என்று அவரே யோசித்துக் கண்டுபிடித்த வழி இது. எறும்பு நிஜமாகவே அதற்குப் பயந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் நம்பினார். அந்த பாட்டிலை ஒவ்வொரு முறையும் நிரப்பிக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போகச் சொல்ல வாய் வராது.

நான் ராணிப்பேட்டையில் மரக்கிளை வெட்டித் தரும் தொழில் செய்கிறேன். அதற்கு முன் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அது மூடியபோது கையில் இருந்ததைப் போட்டு ஒரு மெஷின் ரம்பமும், கயிறுகளும், பழைய லோடு வண்டி ஒன்றும் வாங்கினேன். மரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் மேஸ்திரி. என் வயதுதான் அவருக்கும். ஊரில் யாரோ சொல்லி, திமிரி போகிற சாலையில் இருந்த காலனியில் அவரைத் தேடிப் பிடித்தேன். நான் போன் எடுப்பேன், பேரம் பேசுவேன், வண்டி ஓட்டுவேன். அவர் ஏறுவார். கீழே கயிறு பிடிக்க மூன்று பேர். இவ்வளவுதான் எங்கள் கம்பெனி.

வெளியிலிருந்து பார்த்தால் வெட்டுகிற வேலை. உள்ளே வந்தால் பாதி நேரம் பேச்சுதான். கிளை பக்கத்து வீட்டு மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டச் சொல்பவர் ஒருவர், வெட்டினால் சண்டைக்கு வருபவர் இன்னொருவர். வேப்பமரம் என்றால் செவ்வாயும் வெள்ளியும் கை வைக்கக் கூடாது. கரண்ட் கம்பிக்குப் பக்கம் என்றால் லைன்மேன் வந்து நிறுத்திக் கொடுக்கும்வரை டீ குடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். காக்கை கூடு இருந்தால் மேஸ்திரி அந்தக் கிளையை விட்டுவிட்டு வெட்டுவார், வீட்டுக்காரர் என்ன கத்தினாலும் சரி. "மொட்ட அடிச்சிடுப்பா" என்று சொல்கிற வீட்டுக்காரர்களிடம், "மொட்ட அடிச்சா ஜாஸ்தியா மொளைக்கும் சார், அடுத்த வருசம் இன்னும் பேஜாரு" என்பார் பொறுமையாக. பெரிய மரம் இறக்கினால் வேலையாட்களுக்கு வீட்டுக்காரர் ஒரு பாட்டில் வாங்கித் தருவது எங்கள் பக்கத்தில் வழக்கம். மற்ற மூவரும் வாங்கிக்கொள்வார்கள். மேஸ்திரி மட்டும், "எனக்கு டீ சொல்லுங்க" என்பார்.

ஏனென்றால் அவர் ஒரு காலத்தில் மோசமாகக் குடித்தவர். சம்பளத்தோடு வழியில் விழுந்து கிடந்த கதைகளை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் எழுந்து நின்று, இனிமேல் தொடமாட்டேன் என்று சபைக்கு முன்னால் சாட்சி சொன்னார். அதற்குப் பிறகு தொடவில்லை. நான் அவரோடு வேலை செய்த ஆறு வருடங்களில் ஒரு நாள்கூட, ஒரு துளிகூட இல்லை. இதற்கு நானே சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் விழுங்கினேன்.

அது நாவல் பழக் காலம். நகரத்துக்கு வெளியே ஒரு தோல் கம்பெனி வளாகத்தில் பெரிய நாவல் மரம் ஒன்று இருந்தது. அதன் ஒரு பக்கக் கிளை, தோல்களைக் காயப்போடும் இடத்துக்கு மேலே போயிருந்தது. பழம் விழுந்தால் தோலில் ஊதாக் கறை, எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. மறுநாள் வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வருகிறார்கள் என்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டிருந்தார். அந்த ஒரு மேனேஜர் வாய்ச்சொல்லில்தான் சுற்றுவட்டாரத்தில் ஐந்து கம்பெனி வளாகங்களின் வேலை எனக்கு வந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி மரத்தைச் சுற்றி வந்தார். கத்தியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் தட்டினார். ஏணி போட்டுக் கிளை தொடங்கும் இடத்தில் தட்டினார். பிறகு இறங்கி, சுவரோரம் இருந்த உப்புக் குவியலைக் காட்டினார். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு அனுப்புவார்கள். வேலை தொடங்கும்முன் அந்த உப்பைத் தட்டி எடுத்து ஒரு மூலையில் கொட்டுவார்கள். அந்த மூலை இந்த மரத்தின் அடியாக இருந்தது. மழையில் கரைந்து கரைந்து வேருக்குப் போயிருக்கிறது.

"உப்பு குடிச்ச மரம் சார் இது. மேல பச்ச காட்டுது, இந்தக் கிள உள்ள ஒண்ணுமில்ல. நாவ மரம் வேற, சொல்லாம ஒடியும். நாளைக்குக் கிரேன் சொல்லிக்கலாம்."

"நாளைக்குதான் ஆளுங்க வர்றாங்க. இன்னிக்கே முடிச்சாவணும்."

அவர் மறுபடி அந்தக் கிளையை அண்ணாந்து பார்த்தார். அப்போது நான் சொன்னேன், கயிறு பிடிக்கும் மூன்று பேர் முன்னிலையில், சிரித்துக்கொண்டே: "இன்னா மேஸ்திரி, பயம் வந்துடுச்சா? வேற ஆளு பாக்கணுமா நானு?"

ஆறு வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. கேலிதான், அதில் என்ன என்று அன்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வண்டிக்குப் போய் நீல பாட்டிலை எடுத்து, வழக்கம்போலக் கையிலும் கழுத்திலும் பூசி, மீதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அந்த மரத்தில் எறும்பு நிறைய.

இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டை மாட்ட அந்தக் கிளையை விட்டால் வேறு இடமில்லை. நுனியில் இரண்டு கொம்புகளைத்தான் வெட்டியிருப்பார். கிளை அடியோடு வந்தது. அவரும் அதோடு வந்தார். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. உள்ளே மாவாகிப் போயிருந்த மரம் என்பதால் ஈரத்துணி கிழிவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. கால் இருக்கக் கூடாத திசையில் இருந்தது. அவருக்கு நினைவு போய்ப் போய் வந்தது.

மற்ற மூவரும் ஆம்புலன்ஸுக்கு வழி காட்டக் கேட்டுக்கு ஓடினார்கள். மேனேஜர் வந்து குனிந்து பார்த்தார். நல்ல மனிதர்தான். தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு மூக்கைச் சுளித்தார். "இன்னாங்க, வாசன வருது? குடிச்சிட்டா ஏறுனாரு?"

இல்லைங்க, எறும்புக்குப் பூசினது, நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அந்த ஒரு நொடியில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. குடிக்காத ஆள், கைதேர்ந்த ஆள், எப்படி விழுந்தார்? யார் ஏறச் சொன்னது? ஐந்து வளாகங்களும் என் கண்முன் வந்து போயின.

"லேசா போட்டிருப்பான் போல" என்றேன். எப்போதும் 'வாங்க, போங்க' என்று அழைத்தவரை அந்த வாக்கியத்தில் 'அவன்' ஆக்கிவிட்டேன். அதோடு நிற்கவில்லை. "முன்ன அந்தப் பழக்கம் உண்டு" என்றும் சேர்த்தேன். மேனேஜர் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்தார். நான் கீழே கிடந்த பாட்டிலை எடுத்து வண்டி சீட்டுக்கு அடியில் போட்டேன். இதையெல்லாம் பதற்றத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பதற்றத்தில் இருப்பவனுக்கு பாட்டிலை ஒளித்துவைக்கத் தோன்றாது.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு அவர் மனைவி, தான் வேலை செய்யும் வேறொரு ஷூ கம்பெனியின் யூனிபார்மோடு ஓடிவந்தார். அதற்குள் தோல் கம்பெனி ஆள் ஒருவர் மூலமாகப் பேச்சு அவர் காதுக்குப் போயிருந்தது. அழவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. குடிச்சிருந்தாரா?"

முதல் பொய்யைத் திரும்ப எடுக்கக் கடவுள் எனக்குக் கொடுத்த இடம் அது. நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அத இப்ப விடும்மா. மொதல்ல ஆளப் பாப்போம்" என்றேன். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று குடிகாரனோடு குடித்தனம் நடத்திய எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரிச் செலவில் நான் குறை வைக்கவில்லை. இரண்டு தடவை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததே எனக்கு வசதியாகப் போய்விட்டது. மூன்றாவது தடவை போகவில்லை. கயிறு பிடித்த மூவருக்கும் உண்மை தெரியும். அவர்கள் என் முன்னால் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, ஓனரே சொன்ன பிறகு அவர்கள் எதற்கு வாய் திறக்கப்போகிறார்கள். அவர்களில் ஒருவர்தான் ஒரு நாள் வண்டியில் வரும்போது தானாகச் சொன்னார்: சபையில் மேஸ்திரியை, "சாட்சி சொன்னவரு வர்றாரு" என்று கிண்டல் செய்கிறார்களாம். அவர் மனைவி முன்வரிசையில் உட்காருவதை விட்டுவிட்டாராம். நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன்.

ஏழு வருடங்கள் போயின. ஐந்து வளாகங்களின் வேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இப்போது ஏறுகிறவர் வேறு ஒருவர். மேஸ்திரியின் ஸ்பிரிட் வழக்கம் மட்டும் எங்கள் கம்பெனியில் அப்படியே நிற்கிறது.

சில மாதங்களுக்கு முன் கலவை என்ற ஊரில் ஒரு வீட்டு மாமரத்தில் கிளை கழிக்கப் போயிருந்தோம். ஏறுகிறவர் ஸ்பிரிட் பூசிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். வீட்டுக்காரர் மோப்பம் பிடித்துவிட்டு, "குடிச்சிட்டு ஏறுறாரா? எறங்கச் சொல்லுங்க மொதல்ல" என்றார். "ஐயோ இல்லைங்க, எறும்புக்குப் பூசறது, நான்தான் வாங்கித் தர்றேன்" என்றேன். அவரும் "அப்படியா, சரி" என்று பேப்பர் படிக்கப் போய்விட்டார். அந்த வாக்கியம் எவ்வளவு சுலபமாக வந்தது. ஏழு வருடமாக அது என் வாயிலேயே இருந்திருக்கிறது. வேலை முடியும்வரை நான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்திருக்கும் நேரம் பார்த்து மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "வாங்க சார்" என்று எழப் பார்த்தார், முடியவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன பெரிய பேச்சு ஒன்றும் வரவில்லை. அன்று மேனேஜரிடம் நான் சொன்னது பொய், என் வேலைக்காகச் சொன்னேன், தப்புதான், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் நீட்டியிருந்த காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்திவைத்தார்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அவர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்ததும், "வாங்க சார், காபி போடட்டுமா" என்றார். "அப்புறம் போடலாம். சார் ஒண்ணு சொல்றாரு, கேளு" என்றார் மேஸ்திரி. சபைக்கு முன்னால் சொல்வதுகூட அதைவிடச் சுலபமாக இருந்திருக்கும். நின்றுகொண்டே சொன்னேன். ஸ்பிரிட், எறும்பு, பயமா என்று நான் கேட்டது, மேனேஜரிடம் சொன்ன பொய், பாட்டிலை எடுத்து ஒளித்தது, ஆஸ்பத்திரியில் அவர் கேட்டபோது நான் மழுப்பியது, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. கணவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன்யா, இத நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேன்" என்றார் மேஸ்திரி. குரலில் கோபம் இல்லை. "ஆஸ்பத்திரிலயே சொன்னேன். வூட்டுக்கு வந்தும் சொன்னேன். சாரு எதுக்குப் பொய் சொல்லணும்னு நீதான் கேட்ட."