மாத்திரையா, நடையா?

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டில், அலுவலகத்தில், பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். டாக்டரம்மாவிடம் மட்டும் காட்டமாட்டேன். அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் தண்டையார்பேட்டையில் இருக்கிற அந்தச் சின்ன கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி ஆகிவிடுவேன். பல வருடமாக என் சுகரை அவர்தான் பார்க்கிறார்.

போன வருடம் பொங்கல் கழிந்து அவரிடம் போனபோது, ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை ஒன்றைத் தினமும் போடச் சொன்னார். எனக்குக் கொழுப்பு ஏறியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, அளவாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு எதற்கு என்றேன். சுகர் இருக்கிறவர்களுக்கு, அதுவும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, இதயத்துக்கும் மூளைக்கும் ஒரு பாதுகாப்பு என்றார். பக்க விளைவு உண்டா என்று கேட்டதற்கு அவர் மழுப்பவில்லை. சிலருக்குத் தசை வலி வரும், கால் கனக்கும்; சுகர் கொஞ்சம் ஏறவும் கூடும், ஆனால் கிடைக்கிற நன்மை அதைவிடப் பெரிது என்றார்.

அவர் சொன்னதில் எனக்குக் காதில் விழுந்தவை இரண்டுதான்: சுகர் ஏறும், கால் வலிக்கும். சுகருக்கு வைத்தியம் பார்க்க வந்தவளுக்கு சுகரை ஏற்றுகிற மாத்திரையா? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்ளச் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் கொதித்தேன். ஏற்கெனவே சுகருக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று. ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதையாக ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

கால் வலி என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் கடைசியில் எங்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டம் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும். மகள் பிறந்த வருடம் வேண்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியவள் நான். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது. வேண்டுதல் எப்போதோ முடிந்தது, நான்தான் நிறுத்தவில்லை. வருடம் முழுக்கத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் புகுந்து வீட்டுக்கு வருகிறவளுக்கு, அந்த நடைதான் தன் காலில் தான் நிற்கிற நேரம். அதை ஒரு மாத்திரைக்காக விடுவதா?

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்குக் கொழுப்பு அதிகம் என்று கல்யாணத்திலிருந்தே சொல்லிவருவதாகவும், டாக்டருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது என்றும் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சீட்டை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, மருந்துக் கடைப் பக்கமே போகவில்லை.

என் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடையில் தவக்காலம் வருகிறது. எங்கள் வீட்டில் தவக்காலம் என்றால் தவக்காலம்தான். கறி இல்லை, முட்டை இல்லை. காசிமேட்டு மீன் மட்டும் உண்டு, அதுவும் குழம்பில், வறுவல் கிடையாது. அலுவலகம் விட்டு வரும்போது தள்ளுவண்டியில் தின்கிற பர்மா நூடுல்ஸ், அந்த அத்தோவும் கிடையாது. எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். அப்படி ஒழுங்காக இருந்துவிட்டு, புனித வாரத்தில் போய் ரத்தம் கொடுத்தேன். ஈஸ்டர் முடிந்து கொடுத்தால் பிரியாணி காட்டிக்கொடுத்துவிடும் என்று யோசித்தே செய்தேன். ஆண்டவருக்காக இருந்த ஒறுத்தலை டாக்டரை ஜெயிக்கப் பயன்படுத்துகிறோமே என்று கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

கொழுப்பு நம்பர் நன்றாகவே இறங்கியிருந்தது. பரீட்சையில் பாஸான மாதிரி ரிப்போர்ட்டை மேசையில் வைத்தேன். டாக்டர் பார்த்தார், பாராட்டினார், எந்தத் தேதியில் எடுத்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் புருவத்தைத் தூக்கினார். தவக்காலம் எப்போது வரும் என்று சொல்லித்தர அவருக்கும் கிறிஸ்தவத் தோழிகள் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

"வருஷம் பூரா தவக்காலம் இருப்பீங்களாம்மா?" என்றார். "இருந்தாலும் நான் மாத்திரையை எழுதத்தான் எழுதுவேன். உங்க நம்பர் அன்னிக்கும் நல்லாதான் இருந்துச்சு. நான் நம்பருக்கு எழுதல. உங்களுக்கு எழுதினேன்."

பிறகு நிதானமாக விளக்கினார். நெடுநாள் சுகர் ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுத்துவிடுகிறது. கெட்ட சுவரில் அளவான கொழுப்புகூடப் போய் ஒட்டிக்கொள்ளும். மாத்திரை போட்டால் ஒன்றும் வராது என்று சத்தியம் செய்யமுடியாது, வருகிற வாய்ப்பு குறையும் என்றார். அப்புறம் வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் இதய நோய் வந்ததா என்று கேட்டார். முதல் தடவை கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தேன். இந்தத் தடவை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

என் அண்ணனுக்கு சுகர் இருந்தது. கொழுப்பு நார்மல் என்று அவருக்கும் ரிப்போர்ட் வந்தது. அதைக் காட்டித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாவது முறை கறி வாங்கிச் சாப்பிடுவார். ஒரு நாள் காலை குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே சாய்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. அவரைப் பற்றி நான் டாக்டரிடம் மட்டுமில்லை, யாரிடமும் பேசுவதில்லை. பேசினால் அடுத்தது நானா என்கிற கேள்வி வந்துவிடும். எனக்குப் பயம். கோபம் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்ததில் பாதிக்கு மேல் அந்தப் பயம்தான்.

அன்றைக்குச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். வற்புறுத்தவில்லை, யோசித்து முடிவு செய்யுங்கள் என்று அனுப்பினார்.

யோசித்தேன். வெயில் காலம் முழுக்க யோசித்தேன். அலுவலகத்தில் ஒருத்தி ஊறவைத்த வெந்தயம் போதும் என்றாள், இன்னொருத்தி பூண்டு என்றாள். போனில் வந்த வீடியோக்களைக் கேட்டால், இந்த மாத்திரை போட்டவர்கள் யாரும் உயிரோடு இருக்கமுடியாது. கடைசியில் முடிச்சை அவிழ்த்தவர் என் கணவர்தான். ஜூலையில் ஒரு மாலை, விம்கோ நகரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு மெட்ரோவில் திரும்பும்போது, நான் வழக்கம்போல் கால் வலி வந்தால் என்ன செய்வது என்று ஆரம்பித்தேன்.

"கால் வலிச்சா இன்னா பண்ணுவே? வலிக்குதுன்னு சொல்லுவே, மாத்திரய நிறுத்துவே, சரியாப்பூடும்," என்றார். "உங்க அண்ணன் இன்னா சொன்னாரு? சொல்ல நேரம் இர்ந்துச்சா அவுருக்கு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனிதர் இப்படி வருடத்துக்கு ஒரு வாக்கியம்தான் உருப்படியாகப் பேசுவார். ஒரு பக்கம் திரும்பி வரக்கூடிய வழி, இன்னொரு பக்கம் திரும்பவே முடியாத வழி. இவ்வளவுதான் கணக்கு. இதைப் போடத்தான் எனக்கு அரை வருடம் ஆனது. இறங்கி வரும்போதே மருந்துக் கடையில் ஒரு அட்டை மாத்திரை வாங்கினேன்.

முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஆகஸ்டில் நடை தொடங்கியது. பாண்டிச்சேரியைத் தாண்டுவதற்குள் கெண்டைக்காலும் தொடையும் கழன்றுவிடும் போல் வலித்தன. கூட்டத்தில் கடைசி ஆளாக வந்தேன். முன்பெல்லாம் நான்தான் முன்னால் போய், ஏன் இப்படி ஊர்கிறீர்கள் என்று மற்றவர்களைக் கிண்டல் செய்வேன். சாலையோரம் உட்கார்ந்து டாக்டருக்குப் போன் செய்தேன். சிறுநீர் கறுப்பாகப் போகிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். இப்போதைக்கு மாத்திரையை நிறுத்துங்கள், திரும்பி வந்ததும் நேராக என்னிடம் வாருங்கள் என்றார்.

நிறுத்தினேன். அந்த வழியில் நான் செய்த வேண்டுதலை எந்தச் சாமியாரிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லமுடியாது. மாதாவே, இந்த வலி மாத்திரையால் வந்ததாக இருக்கட்டும், என் கால் கெட்டுப்போனதால் என்று இருக்கவேண்டாம் என்று ஜெபமாலை உருட்டினேன். நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

வீடு திரும்பி இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. பார்த்தாயா என்று கணவரிடம் குதித்தேன். டாக்டரிடமும் குதித்தேன். அவர் கேட்டார்: மாத்திரை நின்றபோது நடையும் நின்றதே, எதனால் வலி போனது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாமே? தசைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார், அதில் கோளாறில்லை. மறுபடி அதே மாத்திரையைத் தொடங்குங்கள், நீண்ட நடை வேண்டாம், ஆறு வாரம் பார்ப்போம், வலித்தால் வேறு மருந்துக்கு மாறலாம் என்றார்.

தொடங்கினேன். தினமும் காலையில் எழுந்ததும் காலை அமுக்கிப் பார்ப்பேன். வலிக்கிறதா? இல்லை. மாடிப்படி ஏறிப் பார்ப்பேன். இல்லை. ஆறு வாரமும் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. சுகரும் பெரிதாக ஏறவில்லை. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். மாத்திரை எனக்கு ஒத்துக்கொண்டது என்றார். பாதத்தில் எதையோ வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுகரால் உணர்ச்சி கொஞ்சம் மந்தமாகியிருக்கிறது, இனி அவ்வளவு தூரம் நடப்பது புண்ணில் கொண்டுபோய் விடும் என்றார்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதேன். சத்தம் கேட்டுக் கணவர் வந்தார்.

"டாக்டரு நல்ல சேதி தானே சொன்னாரு. இன்னாத்துக்கு அய்வுற?"

"மாத்திர இல்லய்யா. என் காலுதான்," என்றேன்.

அவருக்குப் புரிந்தது. அடுத்த வருடம் நாகப்பட்டினம் வரை பஸ்ஸில் போகலாம், அங்கிருந்து நடக்கலாம், தானும் கூட வருவதாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவர் என்னோடு நடந்ததில்லை. அது ஒரு நடையா என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்தேன். திட்டுவதற்கு இனி அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நடக்கவேண்டும் என்றுதான் இதை வேண்டாம் என்று அடம்பிடித்தேன். நடை போன பிறகும், எனக்கு உயிரோடு இருக்கவேண்டும் என்றிருக்கிறது. வெட்கமாக இருந்தது, எவ்வளவு ஆசையாக அதை விழுங்கினேன் என்று.