பதினாலாம் இலக்க நாயின் இடப்பக்கம்

காணி அளக்கப் போகிறவர்களுக்கு முதலில் அறிமுகமாவது காணிக்காரர் அல்ல, நாய். படலையில் கை வைக்க முன்பே அது வந்து நின்றுவிடும்.

நான் நில அளவையாளர் ஒருவரிடம் படம் வரைகிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது கோடு கீறத்தான். ஆனாலும் தீவுப் பக்கம் வேலை வந்தால் அளவைக் கருவியின் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நானும் போக வேண்டும். வீடு நாரந்தனையில். அனலைதீவில் காணிகள் அளக்கும் வேலை கிடைத்தபோது, நான்கு மாதமளவு, கிழமைக்கு மூன்று நாள் ஊர்காவற்துறையிலிருந்து காலை வள்ளத்தில் போய்ப் பின்னேர வள்ளத்தில் திரும்பினேன்.

என் கள ஏட்டில் எல்லைக்கல், கிணறு, மதில், வேலி என்று நிரல்கள் உண்டு. முதல் கிழமையிலேயே இன்னொரு நிரலைக் கூட்டினேன்: நாய். தொடக்கத்தில் அது எங்கள் கால்களைக் காப்பாற்றத்தான். "கடிக்கும்." "குரைக்கும், கடிக்காது." "கட்டியிருக்கும், ஆனால் கயிறு நீளம்." போகப் போக அந்த நிரல் போதாமல் போனது. ஒரு தோட்டத்து நாயைப் பற்றி, "வெங்காயப் பாத்திக்குள் கால் வைக்காது, வரம்பால் மட்டும் நடக்கும், மூலையில் நின்று, திரும்பி, மறுபடி நடக்கும்" என்று எழுதி முடித்தபோது, பக்கத்துக் கட்டத்தில் கிணற்றின் தூரத்தை எழுத இடமில்லை. அன்றுதான் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினேன்.

நாயைப் படம் பிடிப்பது காணி அளப்பதைவிடச் சிரமம். காணி அசையாது. வெயிலுக்கு முதுகு காட்ட வேண்டும், முழங்காலில் நின்று நாயின் கண் மட்டத்துக்கு வர வேண்டும், கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால் எல்லா நாயும் ஒரே முகத்தோடு ஓடி வரும். தன் வேலையில் இருக்கும்போதுதான் நாய் தானாக இருக்கிறது. அந்தத் தீவில் ஒவ்வொரு நாயிடமும் ஏதோ ஒரு வேலை இருந்தது. யாரும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்ட வேலை.

இறங்குதுறையில் ஒரு நாய். வள்ளம் வரும் ஒவ்வொரு முறையும் இறங்குபாலத்தின் நுனிக்கு வந்து, இறங்குகிற ஒவ்வொருவரையும் மூக்கை வைத்து மணந்து பார்க்கும். கடைசி ஆள் இறங்கிய பிறகு வள்ளத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும்.

"உது இந்த ஊர் நாயில்லைப் பிள்ளை," என்றார் துறையடிக் கடைக்காரர். "எழுவைதீவில ஆட்டைக் கடிச்சதெண்டு கொண்டுவந்து விட்டவை. நாலைஞ்சு வரியம் இருக்கும். இஞ்சை ஒரு ஆட்டையும் திரும்பிப் பார்த்ததில்லை."

தீவுகளில் அது வழக்கம். ஆடு கடித்த நாயைக் கொல்ல மனம் வராது. வள்ளத்தில் ஏற்றி வேறொரு தீவில் விட்டுவிட்டு வருவார்கள். அதன் பிறகு அந்த நாய் யாரைத் தேடும் என்பதை நான் இந்தப் பாலத்தில்தான் பார்த்தேன். ஒரு வள்ளத்தைக்கூட அது தவறவிட்டதில்லை.

இன்னொன்று, கைபேசியைத் தூக்கினாலே திரும்பி உட்கார்ந்துவிடும். எட்டு முறை முயன்று, கடைசியில் அதன் முதுகையே எடுத்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அச்சொட்டா அவள்தான்," என்றார். ஆடு வளர்க்கும் ஓர் அண்ணையின் வளவில் இருந்த கறுப்பு நாயை நான் எழும்பி நிற்கக் கண்டதே இல்லை. முக்காலியின் ஒரு காலை அதன் வாலுக்குப் பக்கத்தில் ஊன்றினோம். ஒரு கண்ணை மட்டும் திறந்தது, மூடியது. அவ்வளவு நம்பிக்கை உலகத்தின்மேல் எனக்கும் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

எல்லாவற்றிலும் என்னை மயக்கியது பதினாலாம் இலக்கம். மண்ணிற உடம்பு, ஒரு விலாவில் உள்ளங்கை அளவு வெள்ளை. கருவாடு போடும் ஓர் அக்காவின் நாய். கரையில் வலை விரித்து அதன்மேல் மீன் காயும்; இவன் பக்கத்தில் இருப்பான். காகம் இறங்கினால் எழும்பித் துரத்திவிட்டு, அதே இடத்துக்கு வந்து அதே மாதிரி இருப்பான். காயும் மீனில் இவன் வாய் வைத்ததை ஒருவரும் கண்டதில்லை. அக்கா இவனுக்கு வைத்த பட்டம் மாப்பிளை. ஏனென்று கேட்டேன். "பொறும், காட்டிறன்," என்று சோற்றுக் கோப்பையை நிலத்தில் வைத்தார்.

"மாப்பிளை, சாப்பிட வாரும்."

மாப்பிளை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குறை நினையாமல் வாரும் மாப்பிளை. சோறு ஆறுதெல்லே."

அப்போதுதான் எழும்பினான். முன்கால்களை நீட்டி முறித்து, அவசரமே இல்லாமல் நடந்து வந்தான்.

"ரெண்டாந்தரம் கேக்க வேணும். கலியாணம் முடிஞ்ச புதுசில என்ர மனிசனும் உப்பிடித்தான். அவருக்கு உந்தக் குணம் போட்டுது, இவனுக்குப் போகேல்லை."

வேலை முடிகிற காலத்தில் இருபத்துநான்கு நாய்களின் படங்களையும் ஒரு பெரிய தாளில் அடுக்கினேன். ஒவ்வொன்றின் கீழும் இலக்கமும் ஒரு வரியும். அடுக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணை உறுத்தியது. சில நாய்கள் இடப்பக்கம் பார்த்தன, சில வலப்பக்கம். என் தொழிலில் எந்தக் காணியானாலும் தாளில் வடக்கு மேலேதான் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. இடப்பக்கம் பார்த்த பதினொரு படங்களையும் கணினியில், கண்ணாடியில் தெரிவது போல மறுபக்கம் திருப்பினேன். பின்னணியை வெட்டினேன். இப்போது முதுகு காட்டியவளைத் தவிர எல்லா நாய்களும் வலப்பக்கம் பார்த்தன. வரிசை துப்புரவாக இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

கடைக்காரர் அதைக் கடைச் சுவரில் ஒட்டினார். சாமான் வாங்க வந்தவர்கள் நின்று வாசித்தார்கள். தங்கள் நாய் ஏன் கடைசி வரிசையில் என்று இரண்டு வீட்டார் கோபித்துக்கொண்டார்கள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு கருவாட்டு அக்கா தொலைபேசியில் அழைத்தார். எப்போதும் சிரிக்கவைக்கும் பகிடிக்காரியின் குரலில் அன்று பகிடி இல்லை.

"பிள்ளை, உம்மட படத்தால என்ர மாப்பிளைக்கு வழக்கு வந்திருக்கு."

நடந்தது இதுதான். அன்று காலையில் ஆட்டுக்கார அண்ணையின் குட்டி ஒன்றை ஏதோ நாய் கடித்துக் கொன்றுவிட்டது. விலாவில் வெள்ளை உள்ள மண்ணிற நாய் ஓடியதை அவர் கண்டிருக்கிறார். யாருடையது என்று தெரியவில்லை. நேரே கடைக்குப் போய், என் தாளைப் பார்த்து, பதினாலில் விரலை வைத்துவிட்டார்.

"விடிய எழுவைதீவு வள்ளத்தில ஏத்தப் போறாராம். நான் சொல்லி அவருக்கு ஏறேல்லை. அவன் மீனையே தொடாதவன், குட்டியைக் கடிப்பானோ? நீர் படிச்ச பிள்ளை. வந்து ஏதும் சொல்லும்."

அடுத்த நாள் முதல் வள்ளத்தில் போனேன். பையில் கள ஏடு இருந்தது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாலத்தில் துறை நாய் என் காலை மணந்தது. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

கடை வாசலில் நாலைந்து பேர். மாப்பிளையை ஒரு தூணில் வள்ளக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா பக்கத்தில் நிலத்தில் இருந்தார். ஆட்டுக்கார அண்ணை என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வாரும் தங்கச்சி. உம்மட படம் இல்லையெண்டால் இவனைப் பிடிச்சிருக்க ஏலாது."

அந்த நன்றி எனக்குச் சுட்டது. "எப்பிடிக் கண்டனீங்கள் அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் சுவரில் இருந்த பதினாலைத் தட்டினார். "இஞ்சை பாரும், உப்பிடியேதான். தலை இந்தப் பக்கம், வெள்ளை நடுவில. ஒரு மயிர் மாற்றமில்லை."

நான் படத்தைப் பார்த்தேன். பிறகு மாப்பிளையைப் பார்த்தேன். அவனுடைய வலப்பக்கம் என் பக்கமாக இருந்தது. முழுக்க மண்ணிறம். வெள்ளை இல்லை.

அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"அண்ணை, இந்தப் படம் பிழை. நான் திருப்பிப் போட்டனான்."

"படத்தைத் திருப்பினால் நாயும் திரும்புமோ?" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

கைபேசியில் இருந்த முதற்படத்தைக் காட்டினேன். மாப்பிளை இடப்பக்கம் பார்த்து நிற்கிறான். பின்னால் வள்ளத்தில் எழுதிய இலக்கங்கள் நேராக வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன. பிறகு அதையே திருப்பிக் காட்டினேன். இலக்கங்கள் இடம்வலம் மாறி வாசிக்க முடியாமல் போயின. சிரிப்பு நின்றது. "இவனுக்கு வெள்ளை இடப்பக்கம் மட்டும்தான்," என்றேன்.

"எனக்கே தெரியாது," என்றார் அக்கா. "ஒரு பக்கத்தில கிடக்கெண்டு தெரியும். எந்தப் பக்கமெண்டு ஆர் பார்த்தது?"

ஆட்டுக்கார அண்ணை விடவில்லை. "அவசரத்தில ஓடுற நாயில இடமும் வலமும் ஆர் பார்க்கிறது? வெள்ளை வெள்ளைதான்."

"நீங்கள் பார்த்திருக்கிறீங்கள் அண்ணை. எங்கை நிண்டனீங்கள் எண்டு மட்டும் காட்டுங்கோ."

எல்லோரும் அவர் வளவுக்குப் போனோம்; வழியில் இன்னும் ஆட்கள் சேர்ந்தார்கள். நான் கள ஏட்டைத் திறந்தேன். தெற்கு எல்லையோடு கிணறு. வடக்கில் ஆட்டுக் கொட்டில். மேற்கில் மதில். கிழக்கில் பனையோலை வேலி. அதில் ஒரு பொட்டு, நாய் நுழையும் அளவுக்கு ஓட்டை. நான் எழுதியபடியே எல்லாம் இருந்தன, கறுப்பு நாயின் நித்திரை உட்பட. குட்டி செத்த காலையிலும் அது அங்கேதான் படுத்திருந்ததாம்.

"கிணத்தடியில முகம் கழுவிக்கொண்டு நிண்டனான்," என்றார் அண்ணை. "குட்டி கத்தக் கேட்டு நிமிர்ந்தனான். கொட்டிலடியால ஓடி அந்தப் பொட்டுக்குள்ளால போட்டுது."

"மேற்காலை ஓடேல்லையோ?"

"அங்காலை மதிலெல்லே. பறக்கிறதே?"

அவரைக் கிணற்றடியில் நிற்கச் சொன்னேன். அக்கா மாப்பிளையைக் கொட்டிலடியிலிருந்து பொட்டை நோக்கி நடத்தினார். எங்களுக்குத் தெரிந்தது முழுவதும் அவன் வலப்பக்கம். மண்ணிறம், மண்ணிறம், மண்ணிறம். வேலியடியில் அக்கா திரும்பினார். மாப்பிளை மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கியதும் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது.

"இன்னொருக்கால் நடத்தும்," என்றார் அண்ணை. அக்கா நடத்தினார். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. போய்த் தானே குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

"போம்."

மாப்பிளை அசையவில்லை. ஆட்டுக் கொட்டிலைக்கூடப் பார்க்கவில்லை. தூரத்தில் தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். "ரெண்டாந்தரம் கேளுங்கோ அண்ணை."

அண்ணை சுற்றிப் பார்த்தார். ஊரில் பாதி நின்றது. தொண்டையைச் செருமினார்.

"குறை நினையாமல் போம் மாப்பிளை."

மாப்பிளை முன்கால்களை நீட்டி முறித்தான். பிறகு அவசரமில்லாமல் கரைப் பக்கம் நடந்தான். மீன் காயப்போட்ட நேரம் அல்லவா.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணை என்னிடம் கேட்டார்: "அப்ப எது தங்கச்சி? வலப்பக்கம் வெள்ளை உள்ளது எதெண்டு உம்மட்டைக் கிடக்குமே?"

"ஒவ்வொண்டையும் ஒரு பக்கம்தான் எடுத்தனான் அண்ணை. மற்றப் பக்கம் எனக்குத் தெரியாது."

அது உண்மை. ஒரு நாயின் பாதியை மட்டும் பார்த்துவிட்டு, அதையும் திருப்பி வைத்துவிட்டு, அதன் குணத்தை எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டியல் போடுவதை நான் விடப்போவதில்லை. ஆனால் கடைச் சுவரிலிருந்து அந்தத் தாளை அன்றே நானே உரித்தேன்.

அதற்கு முன் வேலிப் பொட்டை அடைத்தோம். அண்ணை பனை மட்டைகளை வைத்துப் பிடிக்க, நான் கயிற்றால் வரிந்தேன். முடிந்ததும் அவர் கறுப்பு நாயைக் காட்டினார்.

"இவனை ரெண்டு பக்கமும் எடும். நாளைக்கு ஆரும் வந்து ஏதும் சொன்னால்?"

ஒரு பக்கம் எடுத்தேன். மற்றப் பக்கம் நிலத்தோடு இருந்தது.

"எழுப்பட்டே?"

"வேண்டாம் அண்ணை. தானாத் திரும்பும்."

கிணற்றுக் கட்டில் இருவரும் இருந்தோம். பின்னேர வள்ளத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.