இரண்டாகக் கிழிந்த பரிவட்டம்

செட்டிகுளத்தில் வெங்காய லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. "அண்ணே, பெரிய ஜமீன் காலையில தவறிட்டாரு" என்றார் எங்கள் ஊர் ரைஸ்மில்காரர். "மாலை வாங்கிட்டு வரேன்" என்றேன். பதினாறாம் நாள் நினைவு மலருக்கு அவரைப் பற்றி நாலு வரி கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

ஒரு நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை நான் விலை பேசி முடித்த மறுநாளே வெங்காய விலை கிடுகிடுவென்று ஏறியது. மற்றவர்கள் பேச்சை மாற்றினார்கள். அவர் மட்டும், "சொன்னா சொன்னதுதான்யா, அள்ளிட்டுப் போ" என்றார். அந்தப் பிடிவாதத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது.

ஜமீன் சட்டத்தில் எப்போதோ போய்விட்டது. எங்கள் ஊரில் போகவில்லை. அப்பா இறந்ததும் பெரிய ஜமீனும் அவர் தம்பியும் நிலத்தைப் பாதியாகப் பிரித்தார்கள். அரண்மனைக்கு நடுவே சுவர் வைத்தார்கள். தேரன்று கோயில் முதல் மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டத்தை எப்படிப் பாதியாக்குவது? அந்தத் தகராறில் ஒரு வருஷம் தேர் நடுத்தெருவில் நின்றுபோனது.

அன்று மதியம் என் மண்டியில் மூட்டை தூக்கும் மாரிமுத்து இறந்துபோனான். தேர் நிலைக்கு வரும்வரை பிணம் எடுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். சித்திரை வெயில். மறுநாள் அவன் மனைவி பாப்பாத்தி வந்தாள்.

"நீங்க சொன்னா ஜமீன் கேப்பாருங்க மொதலாளி. வூட்டுல புள்ளைங்க இருக்க முடியலைங்க."

போய்ச் சொன்னேன். வெற்றிலை மடித்துக்கொண்டே, "செத்தவனுக்கு என்னய்யா அவசரம்? தேர் என்ன ஒன் வெங்காய லாரியா, நெனச்ச நேரத்துக்கு ஓட்ட?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் தோட்டத்துச் சரக்கு எனக்கு வேண்டும். நானும் சிரித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் அண்ணனும் தம்பியும் சமாதானம் ஆனார்கள். பரிவட்டத் துணியை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி கட்டிக்கொண்டார்கள். இவ்வளவுதான். முதல் நாளே கிழித்திருக்கலாம். தேர் நிலைக்கு வந்தபின் மாரிமுத்துவைப் பாயோடு சுருட்டித்தான் தூக்க முடிந்தது. பாடை அரண்மனை வாசலைக் கடந்தபோது, ஜமீன் தலையிலிருந்த பாதித் துணியை அவிழ்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காட்சிதான். அவருக்குப் பக்கத்தில், தோள்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நானும் நின்றிருந்தேன். பாடைக்குப் பின்னால் வந்த பாப்பாத்தி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.