நான் நற்சான்று கொடுத்த கருவி

இன்று காலை ராமநாதபுரம் பேருந்து நிலையத்து டீக்கடையில் பக்கத்து அலுவலக நண்பர் பேப்பரை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். புதிதாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வரப்போகிறதாம். "ஒரு கிலோகூட இல்லையாம்ணே! பையில போட்டுட்டுப் போயிரலாம். எட்டு மணி நேரம் பேட்டரி நிக்குமாம்ல!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் கரண்டே எட்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்பதில்லை. அப்புறம் இந்த எடைப் பெருமை. எடை குறைவு என்பதையா ஒரு திறமை என்று அச்சடிப்பார்கள்? கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே கருவாடு விற்ற அக்காவிடம் போய் அப்படிச் சொல்லியிருந்தால் தராசுத் தட்டாலேயே போட்டிருப்பாள். "என்ன வேலை செய்யும்?" என்று கேட்டேன். "எல்லா வேலையும் செய்யும்னு போட்டுருக்குண்ணே" என்றார். எல்லா வேலையும் தெரியும் என்று வருகிற ஆளை நாம் வேலி கட்டக்கூடக் கூப்பிட மாட்டோம்.

இவனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரியும் சாமி. இப்படி ஒரு கருவிக்கு நற்சான்று எழுதிக் கொடுத்த புண்ணியவான் நான்.

எட்டு ஒன்பது வருடம் இருக்கும். அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் தற்காலிக ஊழியன். மாசியில் மழை கொட்டி, திருவாடானைப் பக்கம் களத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் முழுக்க அழுகிப் போனது. காய்ந்த மிளகாய்க்குத் தும்மல் வரும். அழுகிய மிளகாய்க்கு வயிற்றைப் புரட்டும். நட்டப்பட்டவர்களுக்கு அடுத்த பட்டத்துக்கு விதையும் உரமும் கொடுப்பது என்று நிறுவனம் முடிவு செய்தது. வீடு வீடாகப் போய் விவரம் எடுக்க வேண்டும். அதற்குத்தான் சென்னையிலிருந்து அந்தக் கருவி வந்து இறங்கியது. உள்ளங்கை அளவு, திரையில் குத்தி எழுத ஒரு குச்சி. "பேப்பரே வேணாம் சார், எல்லாம் இதுக்குள்ள" என்று ஏசி அறையில் ஒரு தம்பி விளக்கினார். இரண்டு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு அது தேறுமா தேறாதா என்று நான் அறிக்கை எழுத வேண்டும். "நல்லா எழுதுய்யா. உன் வேலையும் நிரந்தரமாயிரும்" என்று மேலாளர் காதோடு சொல்லி வைத்தார்.

சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி அதை வைத்துக்கொண்டு மொபெட்டில் போனேன். கர்வம், வேறென்ன.

முதல் ஊரிலேயே பல்லிளித்துவிட்டது. வெயிலில் திரையில் ஒரு மண்ணும் தெரியவில்லை. துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு அதற்குள் குனிந்து குத்திக்கொண்டிருந்தேன். "என்ன சார், காய்ச்சலா? வேது பிடிக்கிறீகளா?" என்று ஒரு பெண் கேட்க, களமே சிரித்தது. தமிழும் அதற்குத் தெரியாது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் குத்தி முடிப்பதற்குள், பேட்டரி தீர்கிறது என்று சிவப்பு விளக்கு மினுக்கும்.

கேலி செய்த அந்தப் பெண்தான் ராக்கு. அரை ஏக்கர் மிளகாய் போட்டிருந்தாள். விதைக்கு எடுத்து வைக்கக்கூட ஒரு பழம் மிஞ்சவில்லை. "வெதை கெடச்சாத்தேன் சார் இங்கன இருக்க முடியும். இல்லாட்டித் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதேன்" என்றாள்.

கருவி கணவர் பெயரைக் கேட்டது. ராக்கு வாயை மூடிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். காகிதம் என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு, கிளம்பும்போது யாரிடமாவது கேட்டு எழுதிக்கொள்வோம். இதுவோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது. புருஷன் மண்டபத்தில் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். "ரேசன் கார்டு வீட்டுல கெடக்கு, எடுத்தாரவா?" என்றாள். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. "வேணாம்க்கா, ஜாடையாச் சொல்லுங்க, போதும்" என்றேன்.

"பழனி மலையில கம்பு ஊண்டிக்கிட்டு நிக்கிறாருல்ல, அவரு பேருதேன்" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் பெரிய கெட்டிக்காரனாக, முருகன் என்று குத்திப் பதிவை முடித்து வைத்தேன்.

ஊர் எல்லை டீக்கடையில் பேச்சுவாக்கில் விசாரித்தேன். "ராக்கு புருசனா? அவன் தண்டபாணில்ல!" என்றார் கடைக்காரர். உடனே சென்னைத் தம்பிக்குப் போன் போட்டேன். "முடிச்ச பதிவைத் திறக்க முடியாது சார். அதுதான் இதோட பாதுகாப்பே" என்றார். பாதுகாப்பாம், மண்ணாங்கட்டி! இரண்டு ரூபாய்ப் பேனா ஒரு கோடு கிழித்துத் திருத்துவதை இந்த மகாராசாவால் செய்ய முடியாது.

அறிக்கையில் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியது வேறு: "கருவி எளிதாகவும் பிழையின்றியும் இயங்குகிறது." கீழே அழகாகக் கையெழுத்து.

திருவாடானையில் விதை கொடுத்த அன்று, மேஜையில் இருந்தவர் ராக்குவின் ரேஷன் கார்டைப் பார்த்தார், கருவி கொடுத்த பட்டியலைப் பார்த்தார். "பேரு ஒத்து வரலையேம்மா. இதுல முருகன்னு இருக்கு."

ராக்கு என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்கதான வந்து எழுதுனீக? சொல்லுங்க சார்."

மேலாளரும் என்னைப் பார்த்தார். "மெஷின்ல தப்பு வராதே" என்றேன் நான். அந்த வார்த்தையைச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், மாமனார் முறை ஆட்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ராக்கு சத்தமாகச் சொன்னாள்: "தண்டபாணி. எம்புருசன் பேரு தண்டபாணி. போதுமா?" போதவில்லை. வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

எனக்கு வேலை நிரந்தரமானது. கருவி இரண்டே வருடத்தில் மேலாளர் அறைப் பீரோவுக்குள் போய்ச் செத்தது. போன மாதம் அந்த ஊர் வழியாக வர நேர்ந்தது. ராக்கு வீட்டுக்குக் கூரை இல்லை, சுவரும் பாதிதான். மிளகாய் விளைந்த அரை ஏக்கரில் ஆள் நுழைய முடியாதபடி சீமைக்கருவேலம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரை நிறுத்தி, திருப்பூரில் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"போனவுக போனவுகதேன். கோயில் கும்பிடுக்குக்கூட வாரதில்ல" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவுகளுக்கு நீங்க என்ன வேணும்?"

வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.