நான்காம் நாள் சட்டை

என் பெயர் கிருபாகரன். ஊர் சாத்தான்குளம், வேலை தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிப்பது. மூன்று வருடம் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்தேன். அந்தப் பொறுப்பை எவனும் விரும்பி வாங்குவதில்லை. துறையில் இளையவன் தலையில் கட்டுவார்கள். என் தலையில் கட்டினார்கள்.

வருடத்துக்கொரு கிராமத்தில் ஏழு நாள் முகாம் போட வேண்டும். நான் அதை ஒரே நாளில் முடித்தேன். பையில் ஏழு சட்டை, பேனரில் நாள் எண்ணை மாற்றி ஒட்ட ஏழு தாள். மாணவர்களும் சட்டை மாற்றி மாற்றிப் படத்துக்கு நின்றார்கள். காலை பத்து மணிக்கு முதல் நாள், சாயங்காலம் நாலு மணிக்கு ஏழாம் நாள். வெட்கங்கெட்டவன், இதை ஸ்டாஃப் ரூமில் சிரித்துச் சிரித்துச் சொன்னேன்.

ஆலந்தலைக்கு அப்பால் ஒரு கடற்கரைத் தெரு. நீலக் கட்டம் போட்ட சட்டையில் நான்காம் நாள். தெருக் கிணற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மைக்கில் பேசினேன்.

"இதுல ஃபுளோரைடு கூடுதலா இருந்தா பிள்ளைகளுக்கு எலும்பு கெட்டுப்போவும். நாங்க டெஸ்ட் பண்ணிச் சொல்லுத வரைக்கும் யாரும் குடிக்காதீங்க."

படம் நன்றாக வந்தது. பாட்டிலை வேன் ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டேன்.

நாலு மாதம் கழித்து, அந்தத் தெருவிலிருந்து ஈவாஞ்சலின் என்ற பெண் எங்கள் துறை வாசலில் வந்து நின்றாள்.

"ரிசல்ட் வந்துட்டா சார்? அந்தத் தண்ணிய நாங்க இன்னும் தொடல. ஒரு மைல் போயி குழாய்த் தண்ணிதான் சுமக்கோம். கிணத்துல இறைக்க வந்தவங்கள நான்தான் சண்ட போட்டுத் தடுத்தேன். வேர்த்து வேர்த்து ஒரே நாள்ல ஏழு சட்ட மாத்தி வேல பாத்த மனுசன், அவரு சும்மா சொல்லுவாரான்னு கேட்டேன்."

பழைய பாட்டில் உடைந்திருந்தால் உதவுமே என்று, இன்னொரு பாட்டிலும் நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

அவளை உட்காரவைத்துவிட்டுத் தண்ணீரைச் சோதித்தேன். அரை மணி நேர வேலை. ஃபுளோரைடு அளவுக்குள்தான் இருந்தது. இன்றைக்குத்தான் முடிவு வந்தது என்று ஒரு பொய் வாயில் தயாராக இருந்தது. அவளோ குடம் சுமந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சட்டைக் கதை உட்பட.

காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் தேவலை. அவள் காலிப் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தாள்.

"எங்க தெருவுல யார்ட்டயும் இதச் சொல்லிராதீங்க சார். உங்கள நம்பச் சொன்னது நான்லா."

நானே வந்து சொல்லுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சரி என்று மட்டும் சொன்னேன்.