பீரோவில் இருந்த ஆறு ஹெல்மெட்டுகள்

எங்கள் வீட்டில் டி.வி. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை உண்டு. சோபாவுக்கும் உண்டு. ஸ்கூட்டர் சீட்டின் மேல் கடைக்காரர் போட்டுத் தந்த கவரை ஐந்து வருஷம் கிழிக்காமல் ஓட்டியவள் நான். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் தோசைக்கல் மாதிரி சுடும். ஆனாலும் கிழிக்க மனசு வராது. உடன்குடிப் பக்கம் கடை வைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு இது கூடவே வருகிற புத்தி. புதுசு என்றால் புதுசாகவே இருக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியத்துக்கு இதைத்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பி.டி. மிஸ். சாஃப்ட்பால் டீமும் என் பொறுப்பு. பேரைக் கேட்டுவிட்டுப் பந்து மெத்தென்று இருக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்கட்டும். சாத்துக்குடியைவிடப் பெரியது, கனமும் அதிகம். எறிகிறவள் கையைக் கீழிருந்து சுழற்றி வீசுவாள். அடிக்கிறவள் நாற்பதடி தூரத்தில் மட்டையோடு நிற்பாள். அதனால்தான் அடிக்கிறவள் மட்டுமில்லை, அடுத்து அடிக்கக் காத்து நிற்கிறவளும், அடித்துவிட்டு ஓடுகிறவளும்கூட ஹெல்மெட் போட்டிருக்க வேண்டும் என்று விதி. நான் அம்பயர் பரீட்சை எழுதித் தேறியவள். வட்டாரப் போட்டிகளில், ஹெல்மெட்டின் தாடைப் பட்டை மாட்டாமல் தொங்குகிறது என்று அடுத்த பள்ளிப் பிள்ளைகளை வெளியே அனுப்பியிருக்கிறேன். அவர்களுடைய மிஸ் வந்து கெஞ்சினாலும் விட மாட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

எங்கள் பள்ளிக்குப் பழைய மாணவி ஒருவர் ஆறு புது ஹெல்மெட் வாங்கித் தந்தார். சிவப்பு நிறம், முகத்துக்குக் கம்பி வலை. பார்க்கவே அவ்வளவு அழகு. எங்கள் மைதானத்துக்கு ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் துறைமுகத்துக்கு கண்டெய்னர் லாரி போகும் ரோடு. அந்தக் காற்றில் ஆறு மாசம் இருந்தால் எந்தக் கம்பியும் துருப்பிடித்துவிடும். கோல் போஸ்ட்டே அடியில் அரித்துப்போய் நிற்கிறது. ஆகவே ஹெல்மெட்டுகளை வந்த பிளாஸ்டிக் பையோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். போட்டி அன்றைக்கு எடுப்பேன். முடிந்ததும் கம்பியில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, பையில் போட்டு, மறுபடி பூட்டுவேன். சாவி என் கழுத்துச் சங்கிலியில். பிராக்டீஸுக்குப் பிள்ளைகள் வெறுந்தலையோடு அடித்தார்கள். வருஷத்தில் போட்டி நான்கு நாள், பிராக்டீஸ் இருநூறு நாள் என்கிற கணக்கு ஒரு பி.டி. மிஸ்ஸுக்குத் தெரியாமல் போகுமா? தெரியும். யோசிக்கவில்லை.

அப்போது டீமில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். கடற்கரைத் தெருவிலிருந்து வருவாள். அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை. வீட்டில் இருக்கிற நாள் குறைவு. அம்மாவுக்கு இறால் கம்பெனியில் வேலை. மூன்றாவது படிக்கிற தங்கை ஒருத்தி. என் டீமில் அவளைப்போல அடிக்கிறவள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பந்து எங்கே வரும் என்று அவள் மட்டைக்கு முன்கூட்டியே தெரியும். மாவட்ட அணிக்குப் போவாள், அதைத் தாண்டியும் போவாள் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். அவளும் அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

வட்டாரப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. ஆடி மாசம், மேற்கேயிருந்து கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எறிகிறவள் காய்ச்சலில் வரவில்லை என்று நானே எறிந்தேன். அடிக்க வந்த அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நின்று, "மிஸ், காத்து ரொம்ப அடிக்கி. ஹெல்மெட் எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

"பிராக்டீஸுக்கு எதுக்குளா ஹெல்மெட்? பயமா இருந்தா வீட்ல போயிப் பல்லாங்குழி ஆடு" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். மூன்றாவது பந்தோ நான்காவதோ. காற்றின்மேல் பழி போடலாம்தான், ஆனால் பந்து என் விரலிலிருந்து போகும்போதே கோணலாகப் போனது எனக்குத் தெரிந்தது. மண் விழுந்து அவள் கண்ணைச் சுருக்கியிருக்க வேண்டும். இடது கன்னத்திலும் வாயிலுமாகப் பட்டது. அவள் அழவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது.

ஸ்கூட்டரில் இன்னொரு பிள்ளையைப் பின்னால் பிடித்துக்கொள்ள வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. உதட்டில் நான்கு தையல். கன்ன எலும்பில் மயிரளவு கீறல். கண் தப்பியது, ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது. அந்தப் பிள்ளைக்காக நடுங்கியது என்று எழுத ஆசைதான். எனக்காகத்தான் நடுங்கியது.

அந்த நேரம் தலைமை ஆசிரியை போனில் வந்தார். கன்னியாஸ்திரி, நிதானமானவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ள ஹெல்மெட் போட்டிருந்தாளா?"

"குடுத்தேன் சிஸ்டர். வேர்க்குதுன்னு கழத்திட்டா."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கூட்டல் கணக்குக்கு விடை சொல்வதுபோல வாயிலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் பஞ்சைக் கடித்துக்கொண்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் அம்மா ஓடி வந்தார். இறால் உரித்த கை. விரல் நுனி எல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நர்ஸ் முந்திக்கொண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள், நான் போனில் சொன்னபடியே. அம்மா மகளைப் பார்த்து, "எதுக்குளா கழத்துன? மிஸ் குடுத்தாவல்லா? அப்பா வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று சத்தம் போட்டார்.

அவள் பஞ்சை எடுத்தாள். "வேர்த்துச்சும்மா" என்றாள்.

இப்போதும் அந்த ஒற்றைச் சொல் எனக்குக் கேட்கும். அந்த வாயை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! நான் அங்கேதான் நின்றேன். "இல்லம்மா, நான்தான் குடுக்கல" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். அம்மா என்னிடம் திரும்பி, "மன்னிச்சிருங்க மிஸ், ஒங்களுக்கு எம்புட்டுக் கஷ்டம்" என்றார். நான் "பரவால்லம்மா" என்றேன். பரவாயில்லையாம்! இந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பாதுகாப்பு விதியை மீறிய பிள்ளையை டீமில் வைத்திருந்தால் மற்ற பெற்றோருக்குப் பதில் சொல்ல முடியாது என்று சிஸ்டர் முடிவு செய்தார். ஒரு வருஷம் விளையாடக் கூடாது. நான் "சரி சிஸ்டர்" என்றேன். விளக்கக் கடிதம் கேட்டார், எழுதியும் கொடுத்தேன். பேச்சில் சொன்ன பொய்க்கு நடுக்கத்தைக் காரணம் சொல்லலாம். எழுதும்போது கை நடுங்கவில்லை. மைதானத்தில் பதினொரு பிள்ளைகள் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மிஸ்ஸே அப்படிச் சொல்லும்போது அவர்கள் என்ன செய்வார்கள்?

தையல் பிரித்த மறுநாள் அவள் பி.டி. ரூமுக்கு வந்தாள். "நான் எப்ப வரட்டும் மிஸ்?"

"சிஸ்டர் வேண்டாம்னு சொல்லிட்டாவ. இந்த வருஷம் நல்லாப் படி."

"சரி மிஸ்" என்று சொல்லிப் பையிலிருந்து கிளவுஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பள்ளிச் சொத்து அது. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தாள். உள்ளங்கைக் குழி அவள் கைக்கு ஏற்ற மாதிரியே படிந்திருந்தது. அடுத்த வருஷம் பத்தாவது, பொதுத்தேர்வு. விளையாட்டு என்ற பேச்சே இல்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து மைதானத்து ஓரமாகப் போவாள். அவள் தலை தெரிந்தால் நான் குனிந்து பந்தை எண்ண ஆரம்பிப்பேன். பத்து முடிந்து பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஹெல்மெட்டுகளை அந்த வாரமே பையைக் கிழித்து வெளியே எடுத்துவிட்டேன். பிராக்டீஸிலும் கட்டாயம். அதோடு நின்றிருந்தால் பாதிப் பாவமாவது தீர்ந்திருக்கும். எனக்குத்தான் பேச்சு சும்மா இருக்காதே. வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் சேரும்போது பாதுகாப்பு விதிகள் என்று அரை மணி நேரம் பேசுவேன். அதில் ஒரு கதை வரும். "இங்கன ஒரு அக்கா வெளையாண்டா. வேர்க்குதுன்னு ஹெல்மெட்ட கழத்துனா. பல்லு போச்சு, வெளையாட்டும் போச்சு." பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அதைவிட நன்றாக வேலை செய்கிற பாடம் என்னிடம் வேறு இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அந்த அக்கா ஹெல்மெட்டைக் கழற்றுவது கண்ணில் தெரிய ஆரம்பித்தது.

போன வருஷமும் ஆரம்பித்தேன். போட்டுக் காட்டுவதற்காக முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பிள்ளையை எழுப்பி, தலையில் ஹெல்மெட்டை மாட்டினேன். ஆறாம் வகுப்பு. தலை சின்னது, ஹெல்மெட் கடகடவென்று ஆடியது. "வளர்ற பிள்ளைதான, சரியாயிரும்" என்றேன். யூனிஃபார்மை ஒரு சுற்றுப் பெரிதாகத் தைக்கிற ஊரில் இதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பிறகு கதையைச் சொன்னேன். பல் போனது வரைக்கும் வந்ததும் அந்தப் பிள்ளை கம்பிக்குள்ளிருந்து, "மிஸ், அது எங்க அக்கா" என்றாள்.

அவள் தாடைப் பட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்தேன்.

"அக்காவே சொல்லிருக்கா மிஸ். 'நான் கழத்துனதாலதான் பட்டுச்சு, நீ கழத்திராத'ன்னு சொல்லித்தான் அனுப்புனா."

தன் சொந்தத் தங்கையிடம்கூட அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் என்ன செய்தேன்? மூன்று வருஷமாக அவளைக் காட்டி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பதினான்கு பிள்ளைகள் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா கழத்தல. ஹெல்மெட் கேட்டா, நான்தான் குடுக்கல. பந்த எறிஞ்சதும் நான்தான்" என்றேன்.

அந்தச் சின்னது என்னையே பார்த்தது. "அப்ப அக்காவ எதுக்கு மிஸ் நிப்பாட்டுனீங்க?"

மறுநாள் காலையில் நடந்ததை நடந்தபடி எழுதித் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தேன். பழைய சிஸ்டர் மாறிப் போய்விட்டார், இவர் புதியவர். படித்துவிட்டு, "இப்ப எதுக்கு மிஸ் இதெல்லாம்?" என்றார். வேலை போகும் என்று நினைத்து மூன்று வருஷம் பயந்த கடிதம் அது. ஃபைலில் போய் உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் அந்த அக்கா தங்கை வீட்டுக்குப் போனேன். அம்மா இருந்தார். பாலிடெக்னிக்கிலிருந்து அவளும் வந்திருந்தாள், நன்றாக வளர்ந்திருந்தாள். உடைந்த பல்லுக்கு மேல் போட்ட உறை பக்கத்துப் பல்லின் நிறத்தோடு சேரவில்லை. தங்கை வீட்டில் ஏற்கனவே சொல்லியிருந்தாள். இருந்தாலும் நான் என் வாயால் முழுசாகச் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு, "அன்னைக்கு வீட்டுக்கு வந்து இவள அடிச்சனே மிஸ். தையலோட அடிச்சனே" என்றார். பிறகு மகளிடம், "ஏன்ளா என்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டார்.

"மிஸ்ஸ வேலய விட்டுத் தூக்கிட்டா டீம யாரும்மா பாப்பா?" என்றாள் அவள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததே நல்லது, அந்த வார்த்தையை நான் கெடுத்து வைத்திருந்தேன். காப்பி வந்தது. குடித்துவிட்டு எழுந்தேன். அவள் வாசல் வரை கூடவே வந்தாள். செருப்பை மாட்டும்போது கேட்டாள்.

"தங்கச்சிக்கு ஹெல்மெட் தலையில நிக்குதா மிஸ்?"

"நிக்குது" என்றுதான் வாயில் வந்தது. யோசிக்காமல், அதே மாதிரி, கூட்டல் கணக்குக்கு விடைபோல. பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினேன்.

"நிக்கல" என்றேன். "ஆடுது."

"அப்ப நிக்கிற மாதிரி ஒண்ணு வர்ற வரைக்கும் அவள மட்டையத் தொட விடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.